மேல் அடுப்படிக்கு விளக்கு

நுன்சியா வீட்டில் இரண்டு அடுப்படி. மேலே இருப்பது வருகிறவர்கள் பார்ப்பதற்கு, கீழே நிலவறையில் இருப்பது சமைப்பதற்கு. அந்தத் தெருவில் இதை யாரும் விசித்திரமாக நினைக்க மாட்டார்கள். கனடாவில் ஹாமில்டன் நகரத்தின் கிழக்குப் பக்கம், உருக்காலைப் புகையும் ஏரிக்காற்றும் சேர்ந்தடிக்கும் அந்த வரிசையில், இத்தாலியிலிருந்து வந்து வீடு கட்டியவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். மேல் அடுப்படியில் எண்ணெய் தெறித்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு அது மானக்கேடு. காபி போடலாம், மிஞ்சிப் போனால் ரொட்டி வாட்டலாம். பூண்டு வதக்குவது, குடைமிளகாய் சுடுவது, மீன் பொரிப்பது, தக்காளி காய்ச்சுவது என்று கைக்கும் மூக்கிற்கும் வேலை வைக்கிற எல்லாமே கீழேதான். நுன்சியாவின் மேல் அடுப்பு வாங்கி வந்த அன்று எப்படி மின்னியதோ அப்படியே கடைசி வரை மின்னியது. அதன் ஓவனுக்குள் பிஸ்கட் டப்பாக்களை அடுக்கி வைத்திருந்தாள்.

அந்த மேல் அடுப்படியைத்தான் அந்த ஆகஸ்டில் இடித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மகள் லிடியாவுக்கும் கிரெய்குக்கும் அக்டோபரில் நிச்சயதார்த்தம். சம்பந்தி வீட்டார் மலைமேல் குடியிருப்பவர்கள். ஊருக்கு முதுகு காட்டிக்கொண்டு நிற்கும் அந்தப் பாறைச் சரிவை ஹாமில்டன்காரர்கள் மலை என்றுதான் சொல்வார்கள், அதற்கு மேலே இருக்கிறவர்களுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு என்பார்கள். அதனால் அலமாரி புதிது, கல்மேடை புதிது, அடுப்பு புதிது. பிஸ்கட் டப்பாக்களும் பழைய ஓவனிலிருந்து புதிய ஓவனுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. பாக்கி இருந்தது விளக்குகள் மட்டும். கூரையை மூடுவதற்குள் எங்கே எந்த விளக்கு என்று முடிவு செய்தாக வேண்டும்.

இந்த வேலையையெல்லாம் தலையில் போட்டுக்கொண்டு அலைந்தவர் அவள் கணவர் தொனாத்தோ. மார்ச்சில்தான் உருக்காலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். கரி வேகும் உலைகளுக்கு அடியில், வெயில் எட்டிப் பார்க்காத சுரங்கப்பாதையில் காலமெல்லாம் வேலை பார்த்த மனுஷன். இப்போது ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வெயிலை ஒரு சொட்டு விடாமல் வாங்கிக்கொண்டிருந்தார். நிலவறைப் படியில் மூன்றாவது படிக்குக் கீழே அவர் கால் வைப்பது அபூர்வம். சாப்பாடு தயாரானால் நுன்சியா கீழிருந்து துடைப்பக் கட்டையால் கூரையில் இரண்டு தட்டு தட்டுவாள். அது மேலே அவர் காலடியில் கேட்கும். எழுந்து வந்து படி உச்சியில் நின்று சட்டியை வாங்கிக்கொள்வார். சாப்பிட்டு முடித்ததும் அவள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவாள். கீழே வேலைக்கா பஞ்சம்?

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஜூன் மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமை வரை.

அன்றைக்குத்தான் சம்பந்தியம்மா டோரீன் முதல் தடவையாகச் சாப்பிட வந்தாள். நுன்சியா விடிந்ததிலிருந்து கீழே நின்று கோழித் தொடைகளை ரோஸ்மேரி இலையும் உருளைக்கிழங்கும் போட்டு வாட்டியிருந்தாள். டோரீன் நல்ல மாதிரி. ஒரு துண்டை வெட்டினாள், வாசனையைப் புகழ்ந்தாள், பிறகு கத்தியை மெல்லக் கீழே வைத்துவிட்டு உருளைக்கிழங்கை மட்டும் சாப்பிட்டாள். லிடியா எட்டிப் பார்த்தாள். எலும்போரம் கோழி இளஞ்சிவப்பாக இருந்தது. கசியவும் செய்தது.

டோரீனின் கார் தெருமுனையில் திரும்புவதற்குள் லிடியா பிடித்துக்கொண்டாள்.

"பச்சைக் கோழி மம்மா! கிரெய்கோட அம்மா தட்டுல பச்சைக் கோழி!"

"பச்சை இல்லடி. எடுக்கறதுக்கு முன்னாடி வெட்டிப் பாத்தேன். வெள்ளையாத்தான் இருந்துச்சு."

"வெட்டிப் பாத்தியா? பாத்துட்டும் எடுத்துட்டு வந்தியா?"

நுன்சியா கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறாள். ஆனால் தட்டில் கிடந்ததையும் அதே கண்ணால்தான் பார்த்தாள். போன குளிர்காலத்திலிருந்தே கை கொஞ்சம் தடுமாறிக்கொண்டுதான் இருந்தது. வெங்காயம் பொன்னிறமாகிவிட்டது என்று நினைத்து எடுத்தால் மேலே வந்து பார்க்கும்போது கருகியிருக்கும். இரண்டு தடவை விரலை நறுக்கிக்கொண்டாள். ஒரு தடவை வெண்ணெய் சுற்றிய தாள் மாவுக்குள் போய்விட்டது. யாரிடமும் சொல்லவில்லை. தெருவில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் முதலில் கூப்பிட்டுப் பக்குவம் கேட்பது அவளைத்தான். அந்தக் கைப்பக்குவம் போய்விட்டது என்றால் தன்னிடம் வேறென்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து தொனாத்தோ பேச்செடுத்தார்.

"கீழ இருக்கற அடுப்ப எடுத்துரலாம் நுன்சியா."

"எடுத்துட்டு?"

"மேலயே சமைச்சுக்கலாம். புது அடுப்பு, பெரிய மேடை எல்லாம் வரப்போகுது. கூரை பூரா லைட்டு போட்டுத் தர்றேன். பட்டப்பகல் மாதிரி இருக்கும்."

"மேல மீன் பொரிக்கச் சொல்றியா? வர்றவங்கல்லாம் மூக்கப் பொத்திக்கிட்டு ஓடவா?"

"வர்றவங்க ஓடினா ஓடட்டும். அந்தப் படியில சட்டியோட ஏறி இறங்கறே. கை வேற வெட்டிக்கறே. எங்கிட்ட சொல்லலன்னா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"அப்ப செப்டம்பர் தக்காளி? காய்ச்சி ஜாடியில அடைக்கறது?"

"இந்த வருஷம் கடையில வாங்கிக்கலாம்."

கடைத் தக்காளிச் சாறு! அவள் ஊர்ப் பெண்களிடம் அப்படிச் சொல்வதும் பெற்ற பிள்ளையைக் கொண்டுபோய் விடுதியில் தள்ளு என்பதும் ஒன்றுதான். வேறு சமயமாக இருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பாள். ஆனால் அந்தக் கோழி கண்ணுக்குள்ளேயே நின்றது. இவர்கள் சொல்வது சரிதானோ என்னவோ என்று வாயை மூடிக்கொண்டாள். தொனாத்தோ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, கீழ் அடுப்பின் எரிவாயுக் குழாயை அடைக்க ஆளுக்குச் சொல்லிவிட்டார். ஆகஸ்டு கடைசி வெள்ளிக்கிழமை வருவதாக ஏற்பாடு.

அதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை மதியம், விளக்குக் கடையிலிருந்து ஒக்சானா வந்தாள்.

நாற்பது வயது இருக்கும். தடித்த கண்ணாடி, கையில் ஒரு பெட்டி நிறைய பல்புகள், தோளில் நீள வயரோடு ஒரு கவ்வி விளக்கு. வெளியே புழுக்கம் தாங்க முடியவில்லை. ஏரியிலிருந்து ஒரு பொட்டுக் காற்று இல்லை. நுன்சியா எலுமிச்சைச் சாறு கலந்து கொடுத்தாள். ஒக்சானா குடித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தாள். கூரைச் சட்டங்கள் நெடுக தொனாத்தோ பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார், வரிசை வரிசையாக, நாற்று நட்ட மாதிரி.

"என்ன சார் இது? விமானம் இறங்கப் போகுதா?"

"கூரைக்குள்ள பதிக்கற குழி விளக்கும்மா. வெளிச்சம் நெறைய வேணும். அதான் முக்கியம்."

"வெளிச்சம் நெறைய இருக்கறது ஒண்ணு, வேணுங்கற எடத்துல இருக்கறது இன்னொண்ணு. கூரையில குறி போடறதுக்கு முன்னாடி கை எங்க வேலை செய்யுதுன்னு பாக்கணும். மிஸஸ் பெத்ரெல்லா, இப்டி வாங்க. எங்க நின்னு வெங்காயம் நறுக்குவீங்க?"

நுன்சியா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். புதுக் கல்மேடையின் முன்னால் நின்றாள். கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நின்றாள். பிறகு வலது பக்கம். யாரோ வீட்டுக் கல்யாணத்தில் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்த இடத்தில் நின்று அவள் வாழ்நாளில் ஒரு வெங்காயம் நறுக்கியதில்லை.

"இங்கதான் நறுக்குவா," என்றார் தொனாத்தோ.

"நீங்களா சார் நறுக்கப் போறீங்க?"

"நான் எதுக்கு நறுக்கறேன்?"

"அப்ப அவங்க சொல்லட்டும்."

நுன்சியா குத்துமதிப்பாக ஓரிடத்தைக் காட்டினாள். ஒக்சானா ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, கவ்வி விளக்கை அவளுக்குப் பின்னால், கூரைச் சட்டத்தில் மாட்டிப் போட்டாள்.

"இப்ப கையப் பாருங்க."

மேடையின் மேல் நுன்சியாவின் தலையும் தோளும் கருப்பாக விழுந்தன. கை அந்தக் கருப்புக்குள் இருந்தது.

"நாம எப்பவும் சுவரப் பாத்து நின்னுதான் வேலை செய்யறோம். லைட்டு நடுக் கூரையில, முதுகுக்குப் பின்னாடி. நம்ம நிழல்லயே நாம நறுக்கறோம். எத்தன விளக்கு போட்டாலும் முதுகுக்குப் பின்னாடி போட்டா முதுகுதான் பளிச்சுனு தெரியும். இப்ப பாருங்க." விளக்கைக் கழற்றிக் கொண்டுவந்து மேல் அலமாரியின் அடியில், முன் விளிம்பில் கவ்வ வைத்தாள். நிழல் காணாமல் போனது. கல்லில் இருந்த ஒவ்வொரு புள்ளியும் தெரிந்தது. நுன்சியாவின் விரலில் இருந்த வெட்டுத் தழும்புகூடத் தெரிந்தது.

"நல்லாத்தான் இருக்கு," என்று தொனாத்தோ ஒப்புக்கொண்டார். "ஆனா என் கூரை விளக்கு என்னாச்சு?"

"அதுக்கும் வர்றேன். நெறத்தையும் பாத்துருவோம்." ஒக்சானா ஜன்னல் திட்டில் கிடந்த தக்காளி ஒன்றை எடுத்து மேடையில் வைத்தாள். தோட்டத்துத் தக்காளி, அன்று காலையில் பறித்தது. பெட்டியிலிருந்து ஒரு பல்பை மாட்டினாள். தக்காளி தீயாகச் சிவந்தது. அதைக் கழற்றி வேறொன்றை மாட்டினாள். வெளிச்சம் குறையவே இல்லை. ஆனால் தக்காளி செத்துவிட்டது. நாலு தடவை தோய்த்த துணி மாதிரி ஒரு பழுப்பு.

"அய்யோ," என்றாள் நுன்சியா.

"இப்ப மாட்டினது மட்டமான ரகம். டியூப்லைட்டுலயும் இந்த ரகம் நெறைய இருக்கு. கிடங்குலயும் கார் நிறுத்தற எடத்துலயும் போடுவாங்க. சிவப்ப ஒழுங்காக் காட்டாது. இதுக்கு அடியில யாராச்சும் கறி வித்தா வாங்கிராதீங்க. எது பழசு எது புதுசுன்னே தெரியாது."

"கார் நிறுத்தற எடத்துலயா?" நுன்சியாவின் குரல் மாறியிருந்தது.

"ஆமா. ஏன்?"

நுன்சியா கவ்வி விளக்கை அலமாரியிலிருந்து கழற்றினாள். "இத ஒரு நிமிஷம் குடுங்க. அந்த நல்ல பல்ப மாட்டிக் குடுங்க." ஒக்சானா மாட்டிக் கொடுத்தாள். நுன்சியா வயரைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, தக்காளியையும் எடுத்துக்கொண்டு நிலவறைப் படியில் இறங்கினாள்.

கீழே அன்றைக்கும் கோழித் தொடைகள் ஓவனில் இருந்தன. கொத்தனாருக்கும் தச்சனுக்கும் சேர்த்து அவள் சமையல்தான். கடைசியாக அந்த ஓவனில் எதையாவது வைக்கலாம் என்று மனசு கேட்காமல் வைத்திருந்தாள். அடுப்புக்குப் பின்னால் சுவரில் எண்ணெய்க் கறை படம் வரைந்த மாதிரி படிந்திருந்தது. ஒரு பக்கம் பழைய மேசை, ஒரு பக்கம் காலி ஜாடிகள், மேலே கயிற்றில் தொனாத்தோவின் பனியன்கள். நடுக் கூரையில் ஒற்றை டியூப்லைட் ஈ மொய்க்கிற சத்தத்தோடு எரிந்துகொண்டிருந்தது.

அதைப் போட்டவன் ரோக்கோ. லிடியாவின் ஞானத்தகப்பன், தொனாத்தோவுக்கு கும்பாரே. கும்பாரே என்றால் கூடப்பிறக்காத குறைதான், அவன் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல முடியாது. போன டிசம்பரில் நகரத்தில் ஒரு கார் நிறுத்துமிடத்தை இடித்தபோது குப்பையில் போன டியூப்களை வண்டி நிறைய அள்ளிக்கொண்டு வந்து வீட்டுக்கு வீடு கொடுத்தான். நல்ல சாமானை வீணாக்கலாமா என்பான். அடுப்புக்கு மேலே எரிந்துகொண்டிருந்த பழைய மஞ்சள் பல்பைக் கழற்றிவிட்டு நடுக் கூரையில் இதை மாட்டினான். தொனாத்தோ மூன்றாவது படியில் நின்று மேற்பார்வை பார்த்தார். எப்படியும் கீழேதானே, யார் பார்க்கப் போகிறார்கள்?

நுன்சியா அடுப்பின் முன்னால், எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றாள். கால் தானாகப் போய் அங்கே நின்றது. கையை நீட்டினாள். கை அவள் நிழலுக்குள் இருந்தது. தக்காளியை வைத்துப் பார்த்தாள். பழுப்பு.

அவள் ஓவனைத் திறந்து பாதி வெந்த ஒரு தொடையை எடுத்துப் பலகையில் வைத்தாள். எலும்பு வரை வெட்டினாள். குனிந்து பார்த்தாள். வெளிறிக் கிடந்தது, வெந்த கோழி எப்படி இருக்குமோ அப்படி. ஜூனில் பார்த்ததும் இதையேதான். கவ்வி விளக்கை அடுப்புக்கு மேலே சுவரில் இருந்த தட்டுப்பலகையின் விளிம்பில் மாட்டிப் போட்டாள்.

எலும்போரம் இளஞ்சிவப்பு. கசிந்துகொண்டும் இருந்தது.

அணைத்தாள். வெந்த கோழி. போட்டாள். வேகாத கோழி. பைத்தியக்காரி மாதிரி அணைத்து அணைத்துப் போட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. கை போகவில்லை. கண்ணும் போகவில்லை. இத்தனை மாதமாக உள்ளுக்குள்ளேயே வைத்துப் புழுங்கியது வீண். அந்த நிம்மதியில் கொஞ்ச நேரம் அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. துடைப்பக் கட்டையை எடுத்துக் கூரையைத் தட்ட ஆரம்பித்தாள். இரண்டு தட்டு இல்லை. கூரைக் காரை உதிர்ந்தது.

"என்னாச்சு? என்னாச்சு?" தொனாத்தோ விழுந்தடித்து வந்து மூன்றாவது படியில் நின்றார். பின்னாலேயே ஒக்சானா.

"எறங்கி வா."

"எதுக்கு? அந்தப் பொண்ணு வேற நிக்குது, இங்கல்லாம் கூட்டிட்டு..."

"அவங்களும் வரட்டும்! நல்லாப் பாக்கட்டும்! இதான் என் அடுப்படி. இங்கதான் நான் வெங்காயம் நறுக்குவேன். மேல என்னைய நிக்க வெச்சு நாடகம் போட்டது போதும்."

ஒக்சானா அவரைத் தாண்டி இறங்கி வந்தாள். பனியன்களுக்குக் கீழே தலை குனிந்து நுழைந்து அடுப்பருகே நின்றாள். "எங்கம்மா வீட்டுலயும் இப்டித்தான் மிஸஸ் பெத்ரெல்லா. நாங்க உக்ரைன்காரங்க, மேல முட்டைகூட அவிக்க மாட்டாங்க. உங்க புது ஓவனுக்குள்ள பிஸ்கட் டப்பா இருக்கறதப் பாத்தப்பவே கேக்கலாமான்னு நெனச்சேன். மரியாதையா இருக்காதுன்னு விட்டுட்டேன்."

"இங்க பாரு தொனாத்தோ. கண்ணத் தொறந்து பாரு." நுன்சியா விளக்கை அணைத்துப் போட்டுக் காட்டினாள். "வெந்திருக்கா? இப்ப பாரு. வெந்திருக்கா?"

தொனாத்தோ படியிலிருந்தே கழுத்தை நீட்டிப் பார்த்தார். பார்வை கோழியிலிருந்து மெல்ல டியூப்லைட்டுக்கு ஏறியது.

"ரோக்கோ குடுத்தது," என்றார்.

"ரோக்கோ குடுத்தது! ஓசியில வந்ததுன்னா வெஷத்தக்கூட வாங்கி மாட்டுவீங்க ரெண்டு பேரும். யாரும் பாக்காத அடுப்படிக்குக் கூரை பூரா விளக்கு. நான் நிக்கற எடத்துக்குக் குப்பையில பொறுக்கினது. சம்பந்தியம்மா முன்னாடி தலை குனிஞ்சவ நான். என் பொண்ணு என்னையப் பாத்த பார்வை இருக்கே... நான் செத்துப்போயிட்டேன்னே நெனச்சேன். என் கை செத்துப்போச்சுன்னு."

"எனக்கெப்படித் தெரியும்? நான் எதோ... கும்பாரே நல்லதுக்குத்தான்..."

"சரி. நாளைக்கு அந்தக் குழாய்காரன வர வேண்டாம்னு சொல்லு."

தொனாத்தோ கைப்பிடிக் கட்டையை விரலால் சுரண்டினார்.

"சொல்லுவியா மாட்டியா?"

"மாட்டேன்."

"ஏன்? கோழிக்கு நான் காரணமில்லன்னு பாத்துட்டேல்ல?"

"நான் கோழிக்காகச் சொல்லல."

ஒக்சானாவுக்குச் சட்டென்று சுவரில் மின்கம்பி எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டிய அவசரம் வந்துவிட்டது. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"காலைல எறங்கிப் போறே," என்றார் தொனாத்தோ. "மத்தியானம் ரெண்டு தட்டு. சட்டிய வாங்கிக்கறேன். சாப்பிட்ட கையோட மறுபடி எறங்கிர்றே. நான் மேல தனியா உக்காந்து, நீ எப்ப தட்டுவேன்னு தரையப் பாத்துக்கிட்டு இருக்கேன். ஆலையிலகூட சங்கு ஊதினா நாலு பேரு சேந்து உக்காந்து சாப்பிடுவோம். வீட்டுக்கு வந்து இப்டித் தரையப் பாத்து உக்காரவா ஓய்வு வாங்கினேன்? மேல பளபளன்னு கட்டி, நல்லா விளக்கு போட்டுக் குடுத்தா நீ மேல வந்துருவேன்னு பாத்தேன். அதுக்குத்தான் இதெல்லாம். உன் சம்பந்திக்கா நான் விளக்கு போடறேன்?"

நாள் முழுக்க அவர் காலடியில்தான் நுன்சியா இருந்திருக்கிறாள். மேலே அந்த நாற்காலி கிறீச்சிடுவது அவளுக்கும் கேட்கும். ஆள் சௌகரியமாக இருக்கிறார் என்றே நினைத்திருந்தாள்.

"கீழ வந்து உக்காருன்னு எத்தன தடவ கூப்பிட்டிருக்கேன்," என்றாள். குரலில் சூடு இறங்கிவிட்டது.

"இங்கயா? என்னால முடியாது நுன்சியா. மூச்சு முட்டுது. அந்தச் சுரங்கத்துலயும் இதே மாதிரிதான் ஒரு டியூப்பு. இதே சத்தம். இந்தப் படியில நிக்கறப்பவே வேலைக்குப் போற மாதிரி இருக்கு."

"இத்தன வருஷத்துல ஒரு நாள் சொல்லியிருக்கியா?"

"என்னன்னு சொல்றது? இருட்டப் பாத்தா பயமா இருக்குன்னா? உருக்காலைக்காரன்?"

நுன்சியா நாற்காலி ஒன்றை இழுத்து அதன்மேல் ஏறினாள். "ஏய், விழப்போறே," என்று தொனாத்தோ கத்தினார். கத்திக்கொண்டே நான்காவது படி, ஐந்தாவது படி என்று கடகடவென்று இறங்கி வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். நுன்சியா டியூப்லைட்டைத் திருகிக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். ஈ மொய்க்கிற சத்தம் நின்றது. கவ்வி விளக்கின் வெளிச்சத்தில் பலகையும் கோழியும் தக்காளியும் மட்டும் தெரிந்தன.

"மேல கூரைக்கு எதுவும் வேண்டாம்மா," என்று ஒக்சானாவிடம் சொன்னாள். "காபி போடறதுக்கு மேடை மேல ஒண்ணு, மேசை மேல ஒண்ணு. மிச்சமெல்லாம் இங்க போடுங்க. அடுப்புக்கு மேல, இந்தப் பலகைக்கு மேல. எனக்கு முன்னாடி வர்ற மாதிரி."

ஒக்சானா பென்சிலை எடுத்தாள். கூரையை அண்ணாந்து பார்க்கவில்லை. நுன்சியா நிற்கிற இடத்தில் நின்று, கையை நீட்டி, அங்கிருந்து மேலே குறித்துக்கொண்டு போனாள்.

"அங்கயும் ஒண்ணு வேணும்." நுன்சியா ஜாடிகளுக்குப் பக்கத்தில், தரை மட்டத்துச் சின்ன ஜன்னலுக்குக் கீழே இருந்த மூலையைக் காட்டினாள். "நல்லா மஞ்சளா, வெயில் மாதிரி இருக்கணும்."

"அங்க என்ன வேலை செய்வீங்க? அடுப்பும் இல்ல, மேடையும் இல்ல."

"அங்க ஒரு நாற்காலி வரும்."

"நாற்காலி யாருக்கு?" என்றார் தொனாத்தோ.

"பீன்ஸ் உரிக்கறவனுக்கு."

தொனாத்தோ கையில் டியூப்லைட்டைத் துப்பாக்கி மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "நான் போய் அந்தக் குழாய்காரனுக்கு ஃபோன் பண்ணிட்டு வர்றேன்," என்று படியேறினார்.

செப்டம்பரில் தக்காளி வந்தது. கூடை கூடையாகக் கொல்லையில் இறங்கியது. தெருவே புளிப்பும் இனிப்புமாக மணந்தது. தொனாத்தோ ஒரே நாளில் மாறிவிடவில்லை. முதலில் வந்து ஒரு கை பீன்ஸ் உரித்துவிட்டு, தோட்டத்தில் வேலை இருப்பதாகச் சொல்லி ஏறிவிடுவார். பிறகு செய்தித்தாளைக் கொண்டுவந்தார். பிறகு அந்த விளக்குக்கு அடியில் உட்கார்ந்து, உப்பு அதிகம், தீ அதிகம் என்று வாய் ஓயாமல் யோசனை சொல்ல ஆரம்பித்தார். "மேலயே இருந்திருக்கலாம் நீ," என்பாள் நுன்சியா. ரோக்கோ ஒரு நாள் வந்து, தன் டியூப் எங்கே என்று கேட்டான். அதற்கு அவள் சொன்ன பதிலை எழுத முடியாது.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை டோரீன் மறுபடி சாப்பிட வந்தாள். அதே கோழிதான் என்று நுன்சியா பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். மேலே புது மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நுன்சியா நல்ல கவுனை மாட்டிக்கொண்டு சம்பந்தியம்மாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். கீழே ஓவனுக்கு முன்னால் தொனாத்தோவை நிறுத்தியிருந்தாள். எலும்பு வரைக்கும் வெட்டணும், விளக்குக்கு அடியில வெச்சுப் பாக்கணும், துளி சிவப்பு இருந்தாலும் உள்ள தள்ளிரணும் என்று மூன்று தடவை சொல்லியிருந்தாள்.

டோரீன் அலமாரியைப் புகழ்ந்தாள், கல்லைப் புகழ்ந்தாள். "இவ்வளவு சுத்தமா எப்படிங்க வெச்சிருக்கீங்க?" என்றாள்.

நுன்சியா என்னத்தையோ சொன்னாள். காது தரையில் இருந்தது. கீழே ஒரு சத்தமும் இல்லை. பார்த்தானா? வெட்டினானா? மேலே உட்கார்ந்து இப்படிக் காத்திருப்பது எவ்வளவு நீளமான வேலை என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பாவம், வசந்தம் முழுக்க, கோடை முழுக்க இந்த மனுஷன் இதைச் செய்திருக்கிறான்.

தரைக்கு அடியிலிருந்து இரண்டு தட்டு கேட்டது.

டோரீன் திடுக்கிட்டுக் காலைத் தூக்கினாள். "அது என்ன?"

"ஒண்ணுமில்ல, குழாய்... பழைய வீடு இல்லையா," என்று லிடியா அவசரமாக ஆரம்பித்தாள். முகம் சிவந்துவிட்டது.

"குழாய் இல்ல. என் வீட்டுக்காரர்," என்றாள் நுன்சியா. "சாப்பாடு வெந்துருச்சுன்னு கூப்பிடறாரு."

ஆனால் உடனே எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை தட்டட்டும் என்று இருந்தாள். தட்டினார். இந்தத் தடவை கொஞ்சம் பலமாக, கொஞ்சம் பொறுமையில்லாமல். நுன்சியா எழுந்து சம்பந்தியம்மாவின் கையைப் பிடித்தாள்.

"வாங்க, கீழ போய்ச் சாப்பிடலாம். படியில பாத்து வாங்க. நல்ல வெளிச்சம் இருக்கு, பயப்படாதீங்க."